சிவகாசியை வளர்த்தது வெயிலா?

பெரம்பலூர்ப் பக்கம் தொழில் பேச்சு எழுந்தால் யாராவது சிவகாசியை இழுத்துவிடுவார்கள். "அங்க மழை கிடையாது, வெள்ளாமை கிடையாது. வெயில் மட்டும்தான். அதான் தீப்பெட்டி, பட்டாசுன்னு போயிட்டாங்க" என்பார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சரியில்லை.

வெயிலே காரணம் என்றால் தீப்பெட்டி ஆபீஸ் நம்மூரில் ஏன் முளைக்கவில்லை? நம் மக்காச்சோளமும் பருத்தியும் வானத்தைப் பார்த்துத்தானே நிற்கின்றன? முதுகுளத்தூர் நம்மைவிடக் காய்ந்த சீமை, அங்கும் வரவில்லை. குச்சியும் மருந்தும் காய வெயில் உதவும்தான். உதவுவது வேறு, உண்டாக்குவது வேறு.

மண் தரும் தொழிலைப் பார்க்க வேண்டுமானால் அரியலூருக்குப் போகலாம். அடியில் சுண்ணாம்புக்கல் கிடந்தது. மேலே சிமெண்ட் ஆலைகள் வந்தன. பெரும்பாலானவை வெளியூர்ப் பெருநிறுவனங்களுடையவை. சிவகாசி மண்ணோ ஒன்றுமே தரவில்லை. குச்சிக்கு மரம் கேரளத்திலிருந்து, மருந்தும் காகிதமும் வெளியிலிருந்து. ரயில் வந்த பிறகு பிழைத்துக்கொண்டார்கள் என்பதும் ஒட்டாது. விருதுநகர் - தென்காசிப் பாதை திறந்தது 1927இல். சிவகாசிக்காரர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியது 1923இல்.

இந்த இருவரை வைத்து இன்னொரு கதையும் உலவுகிறது: கல்கத்தாவுக்குப் போனார்கள், வேலை கற்றார்கள், திரும்பி வந்து ஊரையே மாற்றினார்கள். அய்ய நாடாருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. துணிச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துணிச்சல் வெற்றிடத்தில் நிற்கவில்லை. 1922இல் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்குக் குரோசுக்கு (144 பெட்டிக்கு) ஒன்றரை ரூபாய் வரி போட்டிருந்தது. ஸ்வீடன், ஜப்பான் சரக்கு விலை ஏறியது. உள்ளூர்க்காரனுக்கு வழி திறந்தது. ஸ்வீடன்காரர்களும் சும்மா இருக்கவில்லை. 1923லேயே விம்கோ என்ற பெயரில் இங்கேயே ஆலை போட வந்துவிட்டார்கள்.

இன்னொரு பலம் மகமை. சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று நாடார் வியாபாரிகள் தாங்களே பிடித்துப் பொதுவில் போட்ட காசு அது. விருதுநகரில் சத்திரிய வித்யாசாலைப் பள்ளி எழுந்தது அந்த ஏற்பாட்டில்தான். வாக்கை நம்பிக் கடன் கொடுக்கும் பழக்கமும், எந்த ஊர்ச் சந்தையிலும் தெரிந்த ஆளும் இதோடு சேர்ந்தே வந்தன. நம் தாலுகாக்களில் இல்லாதது இதுதான். இல்லாத மழையைவிட இந்த இல்லாமைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அய்ய நாடார் முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துப் பார்த்தார். கட்டுப்படியாகவில்லை, கைவேலைக்கு மாறினார். என் கணக்கில் அவர் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு இது. கட்டையில் குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது என்று வேலையைப் பிரித்துவிட்டால் பெரிய முதல் தேவையில்லை. பார்த்தவர் எவரும் தானும் தொடங்கலாம். தொடங்கினார்கள். பக்கத்துச் சாத்தூர், கோவில்பட்டி வரை அது பரவியது. பின்னாளில் அவர் சிவகாசி நகராட்சித் தலைவராகவும் இருந்தார். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் வந்தது. சம்பாதித்தவர் ஊருக்குச் செய்வது மகமைப் பழக்கத்தின் தொடர்ச்சிதான். தனிமனிதரின் அதிசயக் குணமாக மட்டும் இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

வறட்சிக்கு உண்மையிலேயே பங்குள்ள இடம் ஒன்று உண்டு. வெயில் கதை சொல்கிறவர்கள் அதைத் தொடுவதில்லை. வெள்ளாமை பொய்த்த வீடுகளிலிருந்து சொற்பக் கூலிக்குப் பெண்கள் வந்தார்கள், பிள்ளைகளும் வந்தார்கள். குச்சி அடுக்கச் சின்ன விரல்தான் தோது என்றுகூடச் சொன்னார்கள். சிவகாசியின் இந்தக் குழந்தை உழைப்பைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது.