டித்வா நிவாரணமும் வாழைச்சேனையும்

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இலங்கையில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்திய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க, வீடு துப்புரவாக்க 25,000 ரூபா, முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபா என அறிவித்தார். நேரடிச் சேதம் 410 கோடி டொலர் என்கிறது உலக வங்கி. சர்வதேச நாணய நிதியத்தின் அவசர உதவியோ சுமார் 20 கோடி டொலர்தான்.

வீட்டுக்கு முதலிடம் தந்தது சரியே. ஆனால் இடிந்த சுவரைக் கிராம உத்தியோகத்தர் பார்த்து எழுதிவிடலாம். கடலுக்குப் போகாத நாட்களை யார் எழுதுவது? கிழக்குக் கரையின் வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் படகில் பங்குக்குப் போகிறவரிடம் சம்பளச் சீட்டுக் கிடையாது. குத்தகைக் காணியில் பெரும்போகம் விதைத்தவரிடம் காணி உறுதி இல்லை. 1978 சூறாவளியையும் 2004 சுனாமியையும் கண்ட கரை இது. நிவாரணப் பட்டியலில் யாருடைய பெயர் விடுபடும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். கொழும்புக்குத்தான் ஒவ்வொரு முறையும் புதிது.

படகு உரிமையாளரோடு படகில் போன தொழிலாளரையும், காணிக்காரரோடு விதைத்தவரையும் வாழைச்சேனைக்குரிய கோறளைப்பற்றுப் பிரதேச செயலகம் பதிய வேண்டும். அதற்கான பணிப்புரை ஜனாதிபதி செயலகத்திலிருந்தே வரட்டும்.