கடல் கடந்து கற்கும் தொண்டு

அஸ்தம்பட்டித் தோழர் ஒருவர் மடல் விடுத்திருக்கிறார். சமூகப்பணி பயில மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். வாரத்தில் சில நாள் வகுப்பறை. மற்ற நாள்களில் முதியோர் இல்லத்திலோ, வீடற்றோர் விடுதியிலோ, சிறையிலோ ஊழியம். அங்கே கண்டதை வகுப்பில் வைத்து ஆராய்தல். பாடமுறை இதுவே. "உள்ளூரில் ஆயிரம் வேலை கிடக்க, ஊர்விட்டுப் போவது இயக்கத்துக்கு இழைக்கும் துரோகமாகாதா?" என்று வினவுகிறார்.

ஆகாது, தோழரே! போய் வருக!

தந்தை பெரியார் 1931 டிசம்பரில் எஸ். இராமநாதனுடன் கப்பலேறியபோது அவருக்கு வயது 52. பட்டம் பெறவா போனார்? பாட்டாளி மக்களின் வாழ்வைக் கண்ணாரக் காணப் போனார். உருசியா, ஜெர்மனி, இங்கிலாந்து எனப் பல நாடுகளைக் கண்டு 1932 நவம்பரில் திரும்பினார். அடுத்த மாதமே ஈரோட்டில் சிங்காரவேலருடன் கூடிப் புதிய வேலைத்திட்டம் வகுத்தார். பயணக்கதை பேசிக் காலங்கழிப்பதற்கா அத்தனை தொலைவு போனார்?

இன்னொருவர், அமெரிக்க மாது ஜேன் ஆடம்ஸ். லண்டன் ஏழைகளிடையே படித்தவர்கள் குடியிருந்து ஊழியம் செய்த டாயின்பீ மன்றத்தை 1888இல் நேரில் கண்டார். மறு ஆண்டே சிகாகோவில், பிழைக்க வந்த தொழிலாளர் நடுவே ஹல் இல்லத்தைத் தோழியுடன் தொடங்கினார். குழந்தைகளுக்குக் காப்பகம், பெரியவர்களுக்கு இரவு வகுப்பு. இத்தோடு நின்றிருந்தால் கனதனவான்கள் கைதட்டிக் கலைந்திருப்பர். அந்த இல்லத்தில் வாழ்ந்த புளோரன்ஸ் கெல்லி, காற்றும் வெளிச்சமும் புகாத தையற்கூடங்களில் நுழைந்து ஆராய்ந்தார். விளைவு: 1893இல் இல்லினாய் மாநிலத் தொழிற்சாலைச் சட்டம்! 14 வயது நிரம்பாத பிள்ளைகளை ஆலை வேலையில் வைக்கத் தடை. பெண்களுக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை. விடுவார்களா முதலாளிகள்? வழக்காடினர். 1895இல் மாநில உச்ச நீதிமன்றம் 8 மணி நேரப் பிரிவைச் செல்லாதென்று வெட்டியது. கூழ் ஊற்றும்வரை புன்னகைத்தவர்கள், கூலியையும் நேரத்தையும் தொட்டவுடன் பற்களைக் காட்டினர்.

சேவை என்று சொல்லிக்கொண்டு பிறர் நாட்டுக்குப் போவதில் ஆணவமும் உண்டு. 1968இல் மெக்சிகோவில், இவான் இல்லிச் என்னும் பாதிரியார், தொண்டுள்ளத்தோடு கூடிய அமெரிக்க மாணவர் முகத்துக்கு நேரே கடிந்துரைத்தார்: படிக்க வருவதாயின் வருக, உதவுகிறோம் என்று வராதீர் என்பது அவர் வாதம். நம் தோழரும் மாணவராகவே போகட்டும்.

வெறுங்கையோடு போக வேண்டாம் என்பதுதான் என் கவலை. அஸ்தம்பட்டியில் எழுந்து நிற்கும் சேலம் மத்திய சிறையின் மதிலை எத்தனை முறை கடந்திருப்பார்! 1950 பிப்ரவரி 11இல் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் உள்ளே சுட்டுக் கொல்லப்பட்ட வரலாறு அவருக்குத் தெரியும். ஆனால் அதே வாயிலில் மனு பார்க்க வந்து காத்திருக்கும் தாய்மாரோடு ஒரு பகலேனும் உட்கார்ந்ததுண்டா? 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் பிணை நிற்க ஆளின்றி உள்ளே கிடப்போரும் அவர்களில் உண்டு.

காத்திருக்கும் தாய்க்கு ஒரு பொட்டலம் சோறு வாங்கிக் கொடுப்பது தொண்டு. பணமுள்ளவன் வெளியே வர, அவள் மகன் மட்டும் ஏன் உள்ளே கிடக்கிறான் என்று கேட்பது அரசியல். முன்னதற்கு மாலை விழும். பின்னதற்கு வழக்கு விழும். இரண்டையும் ஏற்கத் துணிந்தவருக்கே அயல்நாட்டுப் படிப்பு பயன்படும்.

புறப்பட நாள் இருக்குமாயின், சில மனு நாள்களை அந்த வாயிலில் கழிக்கட்டும். அங்கே கேட்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி எடுத்துச் செல்லட்டும். அந்த நாட்டில் ஏழைக்கு ஜாமீன் எப்படிக் கிடைக்கிறது, விடுதலையானவனுக்கு வேலை யார் தருகிறார் என்று விசாரித்து எழுதினால், இந்தப் பத்தியிலேயே இடம் ஒதுக்குகிறேன்.