டியூப்லைட்டா? கொஞ்சம் பொறுங்கள்!



வகுப்பில் யாராவது பதில் சொல்ல ரெண்டு நொடி தாமதித்தால் போதும், "டேய் டியூப்லைட்!" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வரும். வைவாவிலும் அதே கதைதான். கேள்வி விழுந்த வேகத்தில் பதில் வராவிட்டால் "படிக்கவே இல்ல" என்று தீர்ப்பு. வேகம்தான் அறிவு என்கிற இந்தக் கணக்கு தப்பு என்கிறேன் நான்.

இந்தக் கணக்கால் வேலையே போனவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் கிரீன்விச் வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த டேவிட் கின்னெப்ரூக். தொலைநோக்கியில் உள்ள கம்பியை நட்சத்திரம் கடப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, கடிகார டிக் டிக்கைக் காதால் கேட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும். அவர் குறித்தது தலைமை வானியலாளர் மாஸ்கெலைன் குறித்ததைவிட 0.8 நொடி பிந்தியது. அவ்வளவுதான், 1796-ல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! பல வருஷம் கழித்து பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, தன்னையும் மற்ற நிபுணர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அவர்களுக்குள்ளும் அதே வித்தியாசம்! பாவம் கின்னெப்ரூக், அதற்குள் இறந்தே போயிருந்தார்.

1868-ல் நெதர்லாந்து மருத்துவர் டோண்டர்ஸ் வேறொரு சோதனையைப் பற்றி எழுதினார். காலில் லேசாக ஷாக் கொடுப்பார். அதே பக்கத்துக் கையை அசைக்க வேண்டும். எந்தக் கால் என்று முன்பே தெரிந்தால் ஒரு நேரம். தெரியாவிட்டால், நொடியில் 15-ல் ஒரு பங்கு கூடுதல். இதிலிருந்து அதைக் கழித்தால், 'எந்தப் பக்கம்?' என்று மூளை முடிவெடுத்த நேரம் கிடைத்துவிடும். என்ன அழகான கழித்தல்!

இப்போது என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். பத்தாவது வரை தமிழ் மீடியம். வைவா கேள்வி இங்கிலீஷில் வரும். அதை மனசுக்குள் தமிழாக்கி, பதிலைத் தமிழில் கோத்து, மறுபடி இங்கிலீஷாக்கி வாயைத் திறக்கணும். டோண்டர்ஸ் மாதிரி கழித்துப் பாருங்கள், மிச்சம் நிற்பது மொழிபெயர்ப்பு வேலைதானே? அதற்கு மார்க் குறைப்பது என்ன நியாயம்?

தூக்கமும் இருக்கிறது. திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அழுத்தும் சோதனையை வைத்து 2003-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. 14 நாள் தினமும் 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்கள், ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்கள் அளவுக்குத் தடுமாறினார்கள். ஆனால் தங்களுக்கு அவ்வளவு களைப்பு இருப்பதாக அவர்களுக்கே தோன்றவில்லையாம்! நைட் ஷிப்ட் முடித்து நேராக முதல் பீரியடுக்கு வருகிற நண்பர்கள் நம்மில் எத்தனை பேர்! மனச்சோர்வு நோய் உள்ளவர்களுக்கும் இப்படித்தான் பதில் தாமதமாகும். அவர்களைச் சோம்பேறி என்பது கொடுமை.

லேத்தில் வேகம் வேணும், ஒத்துக்கொள்கிறேன். சுற்றுகிற சக்கில் துணி மாட்டினால் கால் நொடி பெரிய விஷயம். ஆனால் வைவா லேத் இல்லையே!

கேள்வி கேட்டபின் பத்து நொடி பொறுக்க வேண்டும், தமிழில் சொன்னாலும் பதிலை ஏற்க வேண்டும் என்று நம் யூனியன் சார்பில் மனு கொடுக்கலாம். நான் எழுதித் தருகிறேன். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?