முன்பக்கம் 30 வோல்ட், பின்பக்கம் 230

பாலிடெக்னிக் முதலாண்டு மாணவன் டி.சி. பவர் சப்ளையின் சிவப்பு முனையைத் தொடத் தயங்குவான். அதிலிருந்து வருவது அதிகபட்சம் 30 வோல்ட். அதே பையன், எர்த் முள் ஒடிந்துபோன பிளக்கை யோசிக்காமல் சாக்கெட்டில் அழுத்திச் செருகுவான். அங்கே இருப்பது 230 வோல்ட். பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியம், அலட்சியமாக இருந்தாலும் பரவாயில்லாத இடத்தில் பயம். நம் ஆய்வுக்கூடங்களில் மின் பாதுகாப்பின் நிலை பெரும்பாலும் இதுதான்.

இந்தப் பெட்டி இன்று பொறியியல் கல்லூரிகளின் தனிச்சொத்து அல்ல. 2016இல் மத்திய அரசு தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம் இதுவரை 10 ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகளுக்குப் போயிருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். அரசுப் பள்ளிகளில் ஐந்து ஆண்டுகளுக்குள் இன்னும் 50 ஆயிரம் கூடங்கள் என்று 2025 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ரோபோவும் சென்சாரும் வருகிற மேஜைக்கு, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியும் வரத்தான் செய்யும். சந்தோஷமான விஷயம். ஆனால் பெட்டி வருவதற்கு முன்பே அந்த அறைக்கு வந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அது எர்த்.

முதலில் பெட்டியைப் புரிந்துகொள்வோம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி, அதை டி.சி.யாக மாற்றி, நாம் கேட்ட அளவுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. பரவலாகக் கிடைப்பது 0 முதல் 30 வோல்ட், 0 முதல் 3 ஆம்பியர் வரை தரும் ரகம். முகப்பில் இரண்டு குமிழ்கள்: ஒன்று வோல்டேஜுக்கு, மற்றது கரண்ட்டுக்கு. மூன்று முனைகள்: சிவப்பு, கறுப்பு, பச்சை.

குழப்பம் ஆரம்பிப்பது பச்சையில். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். பச்சை இந்த இரண்டோடும் சேர்ந்தது அல்ல. அது பெட்டியின் உலோக உடலோடும், பிளக்கின் எர்த் முள்ளோடும் இணைந்தது. சிவப்பும் கறுப்பும் பூமியைத் தொடாமல் மிதக்கின்றன. சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவே பல்பை இணைத்துவிட்டு 'சப்ளை வேலை செய்யவில்லை' என்று புகார் சொல்லும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தேவைப்பட்டால் சிவப்பையோ கறுப்பையோ பச்சையோடு இணைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஆஸிலாஸ்கோப்பின் கறுப்பு கிளிப் ஏற்கனவே எர்த்தோடு இணைந்தது. சப்ளையின் கறுப்பை எர்த் செய்துவிட்டு, அந்த கிளிப்பைச் சர்க்யூட்டின் வேறு புள்ளியில் மாட்டினால், எர்த் வழியாகவே ஒரு ஷார்ட் தயார்.

இப்போது பின்பக்கம். பெட்டிக்குள் 230 வோல்ட் ஃபேஸ் வயர் தளர்ந்து உலோக உடலைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும்? எர்த் சரியாக இருந்தால் பெரிய கரண்ட் பாய்ந்து, ஃப்யூஸ் போகும் அல்லது எம்.சி.பி. விழும். எரிச்சல்தான், ஆனால் யாருக்கும் ஆபத்தில்லை. எர்த் இல்லாவிட்டால் எதுவும் விழாது. பெட்டி வழக்கம்போல வேலை செய்யும். முதலில் தொடுபவர்தான் எர்த்.

'பெட்டியைத் தொட்டால் லேசாகக் கூசுகிறது, மற்றபடி ஒன்றுமில்லை' என்று ஆய்வுக்கூட உதவியாளர்கள் சொல்வதுண்டு. அந்தக் கூச்சத்துக்குக் காரணம் உண்டு. இரைச்சலை வடிகட்டுவதற்காகப் பல பெட்டிகளில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடலுக்கு ஒவ்வொரு சிறிய கெபாசிட்டர் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் உடல், 230இல் பாதியான 115 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் கூச்சத்தோடு தப்பிக்கிறோம். ஆனால் அது பெட்டி கொடுக்கும் முன்னறிவிப்பு: 'எனக்கு எர்த் இல்லை.' செருப்புப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்வது அதற்குப் பதில் அல்ல.

நம் மூன்று முள் பிளக்கில் எர்த் முள் மட்டும் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விட வேண்டும். அந்த முள்ளை வெட்டிவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் செருகுவது, மூன்றை இரண்டாக்கும் அடாப்டர் வாங்குவது, எர்த் வயரே இல்லாத எக்ஸ்டென்ஷன் போர்டு போடுவது எல்லாம் ஒரே குற்றத்தின் வெவ்வேறு வடிவங்கள்.

சாக்கெட்டில் மூன்று ஓட்டைகள் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. வயர்மேனைக் கூப்பிட்டு மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள். இது மாணவர்கள் செய்ய வேண்டிய வேலையல்ல. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே சுமார் 230 வோல்ட். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட். இப்படி இருந்தால் முதல் சோதனையில் தேறியது. அறையில் லோடு ஓடும்போதும் கடைசி எண் அசையாமல் பூஜ்யமாகவே நின்றால் மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள். எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த் ஓட்டையோடு இணைத்துவிடும் வழக்கம் உண்டு. அப்படிச் செய்த இடத்தில் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால், அறையில் உள்ள உலோகப் பெட்டிகள் எல்லாவற்றிலும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

மல்டிமீட்டர் ஒன்றை மட்டும் சொல்லாது: அந்த எர்த், பெரிய கரண்ட்டைத் தாங்குமா என்பதை. இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. பழுதான வழியின் மொத்தத் தடை 1 ஓம் என்றால் 230 ஆம்பியர் பாயும், 16 ஆம்பியர் எம்.சி.பி. கண் இமைக்கும் முன் விழும். அதே தடை 23 ஓம் என்றால் பாய்வது 10 ஆம்பியர்தான். எம்.சி.பி. அசையாது. எர்த் இருந்தும் பயனில்லை. கோடையில் குழி வறண்டால் தடை ஏறுகிறது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றும் வழக்கம் அதனால்தான் வந்தது. குழியின் தடையை எர்த் டெஸ்டர் கொண்டு அளந்து, தேதியோடு எழுதிவைக்க வேண்டும். எர்த்திங் எப்படிச் செய்வது என்று சொல்லும் ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தரவிதி 2018இல் திருத்தப்பட்டது. விதி இருக்கிறது, அளந்து எழுதிய நோட்டுதான் பல இடங்களில் இல்லை.

இதற்கு மேல் ஒரு காவல் உண்டு. ஆர்.சி.சி.பி. போகிற கரண்ட்டும் திரும்புகிற கரண்ட்டும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசப்பட்டாலே துண்டித்துவிடும் கருவி இது. மேலே சொன்ன 23 ஓம் கதையிலும் அது கைவிடாது. மேஜைகளுக்குப் போகும் லைனில் ஒன்று இருக்கட்டும். அதிலுள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஆனால் எர்த்துக்கு அது மாற்று அல்ல.

இனி பெட்டியை வைப்பது. வெளிநாட்டுப் பெட்டியானால் பின்புறத்தில் 110, 220 என்ற மாற்று சுவிட்ச் இருக்கலாம். பிளக்கைச் செருகுவதற்கு முன்பே அதைப் பாருங்கள். 110இல் வைத்துச் செருகினால் பெட்டியின் ஆயுள் அன்றோடு முடியக்கூடும். ஃப்யூஸ் போனால் அதே அளவு, அதே ரகம் மட்டுமே போட வேண்டும். செம்புக் கம்பியை முறுக்கிப் போடுகிறவர், ஃப்யூஸ் செய்யும் வேலையை டிரான்ஸ்ஃபார்மரிடம் ஒப்படைக்கிறார். தண்ணீர்க் குழாய்க்கு அருகே வேண்டாம். பெட்டியின் பின்னாலும் பக்கங்களிலும் காற்றுக்கு இடம் விடுங்கள், மேலே ரெக்கார்டு நோட்டுகளை அடுக்காதீர்கள்.

சூட்டைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. 30 வோல்ட்டில் ஓடும்போதுதான் பெட்டி அதிகம் சுடும் என்று நினைக்கிறோம். பழைய லீனியர் பெட்டிகளில் நேர்மாறு. உள்ளே 40 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியே 5 வோல்ட், 3 ஆம்பியர் எடுத்தால் நமக்குக் கிடைப்பது 15 வாட். மீதி 35 வோல்ட்டை உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்தான் விழுங்குகிறது: 105 வாட் சூடு. சில மாடல்கள் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பை மாற்றி இதைக் குறைத்துக்கொள்கின்றன. எதுவானாலும் குறைந்த வோல்டேஜ், அதிக கரண்ட் என்பதுதான் கடினமான உழைப்பு.

வேலை தொடங்கும் முறை இது. சர்க்யூட்டை இணைக்காமல் பெட்டியை ஆன் செய்யுங்கள். கரண்ட் குமிழைக் கொஞ்சம் திறந்து, தேவையான வோல்டேஜை வையுங்கள். பிறகு கரண்ட் குமிழை அடிவரை குறைத்து, சிவப்பையும் கறுப்பையும் ஒரு வயரால் ஷார்ட் செய்து, சர்க்யூட்டுக்குத் தேவையானதைவிடச் சற்றே அதிகமாக கரண்ட் வரம்பை ஏற்றுங்கள். ஷார்ட் என்றதும் பதற வேண்டாம். கரண்ட் வரம்புள்ள ஆய்வுக்கூடச் சப்ளை அதைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. பாட்டரியில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். பிறகு வயரை எடுத்து, அவுட்புட்டை அணைத்து, சர்க்யூட்டை இணைத்து, மறுபடி ஆன் செய்யுங்கள். சி.சி. விளக்கு எரிந்தால் வரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உடனே வரம்பை ஏற்றாதீர்கள். அணைத்துவிட்டு, ஏன் என்று தேடுங்கள். வரம்பை முழுவதும் திறந்துவைத்தே வேலை செய்வது, பிரேக் இல்லாத சைக்கிளில் இறக்கத்தில் போவது மாதிரி.

30 வோல்ட் உலர்ந்த கையை ஒன்றும் செய்யாது. ஆனால் இரண்டு சப்ளைகளைத் தொடரில் இணைத்தால் 60 வோல்ட். உலர்ந்த நிலையில் தொடலாம் என்று கருதப்படும் டி.சி. எல்லையே அதுதான். அதற்கு மேல் போகாதீர்கள். பக்கவாட்டில் இணைப்பதைத் தயாரிப்பாளரின் கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள். ரிலே, மோட்டார் போன்ற சுருள்களை நிறுத்தும்போது எதிர்த்திசையில் வோல்டேஜ் பாயும். அவற்றுக்குக் குறுக்கே டையோடு தேவை. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரைத் தலைகீழாக இணைத்தால் வெடிக்கும். லித்தியம் பாட்டரியை இந்தப் பெட்டியால் சார்ஜ் செய்யும் ஆசை வேண்டாம். வழக்கமான செல்லுக்கு 4.2 வோல்ட் எல்லை தாண்டினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அதற்கென்று சார்ஜர் இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம் மின்வெட்டு. பாட்டரி இணைந்திருக்கும்போது மின்சாரம் போனால், பாட்டரி திரும்பிச் சப்ளைக்குள்ளேயே கரண்ட்டைத் தள்ளும். நடுவில் ஒரு டையோடு போட்டால் தடுக்கலாம். மின்சாரம் திரும்பும்போது சில மாடல்கள் அவுட்புட்டையும் தாமாகவே ஆன் செய்துவிடும். அப்போது யாருடைய விரல் எங்கே இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஃபேன் நின்றதும் பிள்ளைகள் செய்ய வேண்டிய முதல் வேலை, சுவிட்சை அணைப்பது.

மூடியைத் திறக்கும் ஆர்வத்தையும் கட்டுப்படுத்துங்கள். எஸ்.எம்.பி.எஸ். வகைப் பெட்டிக்குள் 230 வோல்ட் ஏ.சி., சுமார் 325 வோல்ட் டி.சி.யாகக் கெபாசிட்டரில் சேர்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் தங்கும். முகப்பில் எழுதியிருக்கும் 30ஐ நம்பி உள்ளே கைவிடக் கூடாது.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2019, 2020, 2021 அறிக்கைகளைப் பார்த்தால், ஒவ்வொரு ஆண்டும் 10 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மின்சாரம் தாக்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஆய்வுக்கூடத்தில் இறந்தவர்கள் சொற்பமாகவே இருக்கலாம். ஆனால் பிளக்கையும் எர்த்தையும் ஒரு பிள்ளை முதலில் கற்பது அந்த மேஜையில்தான். அங்கே முள்ளை ஒடிக்கப் பழகியவன் வீட்டில் கிரைண்டருக்கும் வயலில் பம்ப்செட்டுக்கும் அதையேதான் செய்வான்.

கருவி வாங்கும் கமிட்டிகளுக்கு ஒரு யோசனை. கொட்டேஷன் வாங்கும்போதே எர்த் குழிக்கும், அதை அளந்து தரும் வேலைக்கும், ஆர்.சி.சி.பி.க்கும் சேர்த்து வாங்குங்கள். பெட்டிகளோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகை. திறப்பு விழாவில் படம் எடுக்க அதில் ஒன்றுமில்லைதான். குழி மண்ணுக்கு அடியில் இருக்கும், பளபளக்காது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அப்படியொரு கூடம் இருந்தால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'எர்த் எத்தனை ஓம், கடைசியாக எப்போது அளந்தீர்கள்?' பதில் ஒரு எண்ணாகவும் ஒரு தேதியாகவும் வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று வந்தால், குழியை நேரில் காட்டச் சொல்லுங்கள்.