பாட்டியைக் கேட்கிறோம், அம்மாவை?



அவலாஞ்சி என்றால் உங்களுக்கு மழைதான் ஞாபகம் வரும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்த ஊராச்சே! எனக்கு ஞாபகம் வருவது அங்கிருந்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ். நோயாளி ஒருவர் ஏறினால், கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவரும் ஏறுவார். பெரும்பாலும் மகள் அல்லது மருமகள். "பாட்டிக்கு எப்படி இருக்கு?" என்று எல்லோரும் கேட்கிறோம். "நீ சாப்பிட்டியாம்மா?" என்று யார் கேட்கிறோம்?

என் அம்மா இரண்டு வருஷம் பாட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பாட்டி போன பிறகுதான் அம்மாவின் முதுகுவலி எங்களுக்குத் தெரிந்தது!

நம் மலையில் இந்தக் கஷ்டம் பல பாஷை பேசுகிறது. படுகர், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் இருக்கிறார்கள். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த தோட்டக் குடும்பங்களும் உண்டு. ஹட்டியில் கூப்பிட்டால் பங்காளி வீட்டார் ஓடி வருவார்கள். லைன் வீட்டிலோ கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. இரண்டு வீட்டுக்கும் ஒரே அறிவுரை போதுமா?

வழி இல்லாமல் இல்லை. கூடலூரில் 1990-ல் தொடங்கிய அஸ்வினி அமைப்பு, ஆதிவாசிகளுக்கே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர்களாகவும் நர்ஸ்களாகவும் ஆக்கியது. அவர்களுக்கு வீட்டு பாஷையும் தெரியும், வீட்டு நிலைமையும் தெரியும். 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். அப்படி வருகிறவர் பார்த்துக்கொள்பவரிடமும் ஐந்து நிமிஷம் பேசணும் என்பதே என் கருத்து. இடுப்பு பிடிக்காமல் நோயாளியைப் புரட்டுவது எப்படி என்று அவருக்குப் புரிகிற பாஷையில் சொல்லணும், செய்தும் காட்டணும்.

"அதுக்கு நாம என்னப்பா பண்றது?" என்கிறீர்களா? சிவில்காரர்கள் வாசல்படிக்கு ஒரு சாய்தளம் போடலாம். மெக்கானிக்கல்காரர்கள் கட்டிலுக்குக் கைப்பிடி வைக்கலாம். படுக பாஷை தெரிந்தவர் ஆஸ்பத்திரி வரிசையில் நாலு வார்த்தை எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று. அட்டெண்டன்ஸ் குறைந்த நண்பனைக் கிண்டல் பண்ணுமுன், "வீட்ல யாருக்காச்சும் முடியலையாடா?" என்று கேளுங்கள். "ஆமா" என்றால் நோட்ஸை எழுதிக் கொடுங்கள். ஹெச்.ஓ.டி.யிடம் அவனோடு சேர்ந்து போய் நில்லுங்கள். நோயாளிக்குத் தோள் கொடுப்பவனுக்கும் ஒரு தோள் வேண்டும் நண்பர்களே!

- மூன்றாமாண்டு சிவில் மாணவன்