வேலி உண்டு, விளைச்சல் எங்கே?

கூடைப்பந்து கோவை மாநகருக்குப் புதிய விளையாட்டன்று. ஆடவருக்கான பி.எஸ்.ஜி. கோப்பைப் போட்டியும், மகளிருக்கான சி.ஆர்.ஐ. கோப்பைப் போட்டியும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து அணிகளை இந்நகருக்கு அழைத்து வந்துள்ளன. கல்லூரிகளுக்கிடையேயான ஆட்டங்களில் நம் வட்டார மாணவியரும் ஆர்வத்துடன் களம் காண்கின்றனர். அவ்வாட்டங்களைக் காணுந்தோறும் நம் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுகின்றது. தடுத்தாடுவதில் நம் மாணவியர் சிறந்து விளங்குகின்றனர். பந்தைக் கூடைக்குள் செலுத்துவதில் பின்தங்கி விடுகின்றனர். எதிரணியைக் குறைந்த புள்ளிகளுக்குள் கட்டுப்படுத்திய பின்னரும், தாம் அதனினும் குறைவாக எடுத்துத் தோற்கின்றனர். இதனைத் திறமைக் குறைவு என்று ஒதுக்கிவிடுதல் முறையாகாது. காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

தடுத்தாட்டம் கூட்டு முயற்சியாகும். கால்களின் விரைவும், மனத்தின் விழிப்பும், தோழியர்க்குக் குரல் கொடுக்கும் பழக்கமும் இருப்பின் அணி ஒன்றுகூடிப் பயிலும் சிறிது காலத்திலேயே அது கைகூடும். பந்தெறிதலோ தனிப் பயிற்சியால் வருவது. 3.05 மீட்டர் உயரத்தில் அமைந்த வளையத்தின் விட்டம் 45 செ.மீ.; மகளிர் பந்தின் விட்டம் ஏறத்தாழ 23 செ.மீ. பந்தைவிட ஏறக்குறைய இருமடங்கு அகலமான வாயில் என்பதால் எளிதெனத் தோன்றும். எனினும் செங்குத்தாக விழும் பந்துக்கே அம்முழு அகலமும் கிடைக்கும். 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு அவ்வாயில் ஏறத்தாழ 32 செ.மீ. அளவே திறக்கும், 30 பாகையில் பந்தின் விட்டத்தினும் சுருங்கிவிடும். தாழ்வாக எறிந்த பந்து வளையத்தில் மோதித் திரும்புவது இதனாலேயே. உயர்த்தி எறிவதற்கு முழங்காலும் தோளும் மணிக்கட்டும் ஒருங்கிசைதல் வேண்டும். ஆயிரக்கணக்கான முறை எறிந்து பழகினாலன்றி அவ்விசைவு வாராது.

அதற்கு வேண்டுவன மூன்று: களம், பந்து, நேரம். இம்மூன்றுமே நம் மாணவியர்க்கு அரியனவாக உள்ளன. வகுப்பு முடிந்ததும் அன்னூருக்கும் சூலூருக்கும் பொள்ளாச்சிக்கும் செல்லும் பேருந்தைப் பிடித்தாக வேண்டும். இல்லம் சேர்ந்தால் வீட்டுவேலை காத்திருக்கும். தம்பி தெருமுனையில் இருட்டும்வரை பந்தெறிந்து பழகலாம். அக்காளுக்கு அவ்வுரிமை இல்லை. நேரம் மறுக்கப்பட்ட கையைக் குறிதவறும் கை என்று பழிப்பது நீதியாகுமா?

இவ்வேறுபாடு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்விளையாட்டைத் தோற்றுவித்தார். மறு ஆண்டே ஸ்மித் கல்லூரி மாணவியர்க்குச் செண்டா பெரன்சன் இதனை அறிமுகம் செய்தார். ஆயினும் பெண்கள் களைப்படைவர் என்று கருதி ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது; எவரும் தம் பகுதியைத் தாண்டலாகாது. பின்னர் எழுந்த அறுவர் ஆட்டமுறையில், மூவர் காவலுக்கென்றே நிறுத்தப்பட்டனர். கூடையை நோக்கிப் பந்தெறியும் வாய்ப்பே அவர்களுக்கு இல்லை. அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரையிலும், ஒக்லஹோமாவில் 1995 வரையிலும் இம்முறை நீடித்தது. அவ்விதி மறைந்துவிட்டது. ஆயின் பெண் காக்க வேண்டியவள், எறிய வேண்டியவள் அல்லள் என்னும் மனப்பாங்கு நம் இல்லங்களில் இன்னும் மறையவில்லை.

பாதுகாப்பையும் உடையையும் கருதிப் பெரியோர் தயங்குவதை நாம் அறிவோம். அத்தயக்கம் மதிக்கத்தக்கதே. 2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், தலைமறைப்புக்கு இசைவு கிடைக்காமையால் கத்தார் மகளிர் அணி களமிறங்காது விலகியது. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் தன் விதியைத் திருத்தி, 2017 அக்டோபர் முதல் அதற்கு இசைவளித்தது. உடையைக் காரணம் காட்டிய கதவு திறந்துவிட்டது. பாதுகாப்பு, ஏற்பாட்டினால் தீர்க்கத்தக்கது. தமிழகம் தந்த அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கியதையும், 2021இல் பத்மஸ்ரீ விருதுக்கு உரியவரானதையும் நம் பெற்றோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் வேண்டுவன மிகச் சிலவே. வாரத்தில் மூன்று மாலைகள் களம் மாணவியர்க்கென ஒதுக்கப்படட்டும். ஒரு பந்தைப் பலர் பகிராமல் ஆளுக்கொரு பந்து வழங்கப்படட்டும். பயிற்சி முடிந்தபின் அவர்களை இல்லம் சேர்க்கும் வண்டியைக் கல்லூரி நிர்வாகம் ஏற்பாடு செய்யட்டும். எறிந்தவை எத்தனை, விழுந்தவை எத்தனை என்று ஒவ்வொரு மாணவியும் குறிப்பேட்டில் எழுதிவரப் பயிற்றுநர் பழக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தை வீட்டுவேலையிலிருந்து விடுவித்துத் தருவது பெற்றோர் கடன்.

கொங்கு நாட்டு உழவர் தம் காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி அமைப்பர். உள்ளே விதைக்காமல் வேலியை மட்டும் ஆண்டுதோறும் செப்பனிடும் உழவர் எவரும் இலர். நம் மகளிர் வேலியை உறுதியாகவே கட்டியுள்ளனர். விதைப்பதற்குரிய நேரத்தை அவர்கட்கு வழங்குதல் நம் பொறுப்பாகும்.