பத்திரம் கேட்காமல் தொழிற்கடன் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், சிறுதொழில் முனைவோர் சங்கம், தொண்டூர், செஞ்சி வட்டம்.
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், விழுப்புரம்.
பார்வை: 1. ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, நாள் 6.5.2010. 2. வங்கிக் கிளைக்குப் பதிவு அஞ்சலில் சென்ற எங்கள் கடிதங்கள்.



தொண்டூர்ப் பகுதியில் செக்கு, தையல், மாவு மில் வைத்திருப்போரும் வைக்க முயல்வோரும் எங்கள் உறுப்பினர்கள்.

பார்வை 2-இல் கண்ட கடிதங்களுக்குப் பதிலாக வந்தவை அஞ்சல் ஒப்புகை அட்டைகள் மட்டுமே. ஆகவே கடன் பற்றி அவற்றில் எழுதியதையே, வேறு மூன்று வேண்டுகோள்களுடன், தங்களுக்கு எழுதுகிறோம்.

1. உறுப்பினர்கள் பலர் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி பெற்றவர்கள். திட்ட அறிக்கை தயாரிக்கவும், அடக்க விலை போடவும், வீட்டுக் கணக்கையும் கடைக் கணக்கையும் தனித்தனி நோட்டில் எழுதவும் கற்றவர்கள். செக்கு வாங்கினால் மட்டும் போதாது, அறுவடையில் மணிலா வாங்கிப் போடவும் கையில் பணம் வேண்டும் என்று கணக்கோடு சொல்லத் தெரிந்தவர்கள். கிளையில் அந்த அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. "பத்திரம் இருக்கிறதா? இல்லையென்றால் அரசு ஊழியர் இருவரை ஜாமீனுக்குக் கூட்டி வாருங்கள்" என்பதே பேச்சு.

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை வாங்கக் கூடாது என்பது பார்வை 1-இன் ஆணை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டக் கடன்களுக்கும் அது பொருந்தும். கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பயன்படுத்துவதைக் கிளை அலுவலர்களின் பணி மதிப்பீட்டிலேயே சேர்க்கலாம் என்றும் அச்சுற்றறிக்கையில் உள்ளது. கிளைகளில் இதைப் படித்தவர் உண்டா என்பது எங்கள் ஐயம்.

பிரதமரின் அந்தத் திட்டத்தில் 4 லட்ச ரூபாய்த் தொழில் ஒன்றைப் பாருங்கள். கிராமத்துப் பெண்ணின் பங்கு 5 விழுக்காடு, அதாவது 20,000. மானியம் 35 விழுக்காடு, 1,40,000. அது வங்கியிலேயே வைப்பாக இருக்கும். வங்கிக்கு மிஞ்சும் பொறுப்பு 2,40,000. அதற்கும் பொறுப்பேற்க 2000-ஆம் ஆண்டு முதல் கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. இதற்கு மேல் நிலப் பத்திரம் எதற்கு? நிலம் மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருக்கிறது. தொழில் செய்யப் போவது அவள்.

கடன் மறுப்பும் வாய்மொழியாகவே நடக்கிறது. எழுதிக் கொடுத்தால் விதிமீறல் பதிவாகிவிடும் அல்லவா! ஆகவே, தங்கள் தலைமையிலான மாவட்ட வங்கியாளர் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாகச் சேர்க்கவும், மறுப்புக் காரணத்தை எழுத்தில் தரச் செய்யவும், 10 லட்சத்துக்குட்பட்ட கடன்களுக்கு ஏற்கெனவே வாங்கி வைத்துள்ள பத்திரங்களைத் திருப்பித் தரச் செய்யவும் வேண்டுகிறோம்.

2. குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம் என்ற அறிவிப்புப் பலகையை ஊராட்சி அலுவலகத்தில் வைக்க ஆவன செய்யவும்.

3. தொழில்முனைவோர் பயிற்சி முகாமைச் செஞ்சியிலும் நடத்த ஆவன செய்யவும்.

4. 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற செஞ்சிக் கோட்டைக்கு வருவோரிடம் எங்கள் பொருள்களை விற்க, விதிகளுக்குட்பட்ட இடம் ஒதுக்க ஆவன செய்யவும்.

இப்படிக்கு,
செயலாளர்
நகல்: மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர், மாவட்டத் தொழில் மையப் பொது மேலாளர்.